கடலுக்குப் போகாத நாள்

விருது கிடைத்திருக்கிறது என்று போன் வந்தபோது நீலமேகம் ஓர் அம்மாளின் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். "சரிங்க சார், ரொம்ப சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பிறகு, முன்பக்கம் மட்டும் போதுமா, பின்பக்கமும் வேண்டுமா என்று அந்த அம்மாளிடம் கேட்டான். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது உண்மைதான். ஆனால் ரேஷன் கார்டோடு வந்து நிற்பவரிடம் கம்ப்யூட்டர் கேமைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? சொன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அவன் மனைவி தையல்நாயகி. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

காரைக்காலில் திருநள்ளாறு ரோட்டில் இருந்தது அவன் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் விண்ணப்பம், துபாய்க்காரர்களின் வீட்டுப் பெண்கள் கணவனோடு பேசுவதற்கு நெட் என்று ஊருக்கு வேண்டிய எல்லாம் அங்கே நடந்தது. சனிக்கிழமைகளில் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் கூட்டம் கடைவாசலை அடைத்துக்கொண்டு நகரும். அதில் ஒருவர்கூட உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். கடையை இழுத்து மூடிய பிறகு வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாமல், மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக அவன் செய்ததுதான் 'முகத்துவாரம்' என்ற அந்த கேம். நிரல் எழுதப் பாலிடெக்னிக்கில் படித்தது பாதி, தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டது பாதி.

புதுச்சேரியிலிருந்து வரும் 'கணினி முற்றம்' என்ற மாதப் பத்திரிகை, அந்த 2008ஆம் வருஷம், தமிழில் செய்யப்பட்ட கேம்களுக்கு விருது கொடுப்பதாக அறிவித்திருந்தது. நடுவர்கள் ஐந்து பேர் விளையாடிப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்று போட்டிருந்தார்கள். நீலமேகத்தின் கண் அந்த 'விளையாடிப் பார்த்து' என்ற வார்த்தைகளில்தான் நின்றது. சிடியில் போட்டு அனுப்பினான். கேட்டிருந்தபடி, கேமைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதிலிருந்து சில படங்களும் சேர்த்து வைத்தான். பட்டினச்சேரி மீனவன் ஒருவன் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய் மீனோடு திரும்புவதுதான் கதை. மணல்மேடு வரும், காற்று மாறும், வலை சிக்கும் என்றெல்லாம் எழுதினான். முக்கியமான ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. இதைக்கூடவா எழுதுவார்கள் என்று இருந்துவிட்டான்.

அது என்னவென்றால், கேம் தொடங்கியதும் கரை தெரியும். ஒரு ஃபைபர் போட் நிற்கும். பத்துப் பதினைந்து ஆட்கள் மணலில் உட்கார்ந்திருப்பார்கள். தெருப் பக்கமிருந்து சங்கு ஊதும் சத்தம் வரும், பறை வரும். அவ்வளவுதான். போட் நகராது.

பட்டினச்சேரியில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஊரில் சாவு விழுந்துவிட்டால் அன்றைக்கு எவனும் தொழிலுக்குப் போகமாட்டான். கோயில் மைக்கில் ஒரு தடவை சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் சங்குச் சத்தம் காதில் விழுந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான். செத்தவர் பங்காளியா பகையாளியா என்று பார்ப்பதில்லை. அன்று முழுக்கக் கடல் சும்மா கிடக்கும். கேமிலும் அப்படித்தான். எந்தக் கீயையும் தொடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெருவிலிருந்து பாடை வரும், பெண்கள் பெயர் சொல்லி அழுவார்கள், பொழுது சாயும், மறுநாள் விடியும், போட் கிளம்பும். பொறுமையில்லாமல் கீயை அழுத்தினால் மணலில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அரைமணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேம் விளையாட வந்தவனை அரைமணி நேரம் கையைக் கட்டி உட்காரச் சொல்வது அடாவடிதான். அது தெரியாத முட்டாள் இல்லை நீலமேகம். ஆனால் அந்தப் பாடையில் போவது தையல்நாயகி.

கேம் என்பதையே அவனுக்குப் பழக்கியவள் அவள்தான். மண்டபத்தூரில் பிறந்தவள். தாய் தகப்பன் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், மத்தியானம் சோறு கொண்டு கடைக்கு வந்தால் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் போடச் சொல்வாள். ரேஸ் ஓடினால்தானே? மற்ற கார்கள் எல்லாம் பறக்க, இவள் காரைத் திருப்பி, ஓரத்தில் நிறுத்திவிட்டு, அங்கே வரைந்திருக்கும் மரத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டிருப்பாள். "எல்லாரும் போயிட்டாங்க பாரு, நீ கடைசி" என்று இவன் கேலி செய்வான். "போறவங்க போகட்டும். இவ்வளவு மெனக்கெட்டு வரைஞ்சு வெச்சிருக்கான், ஒருத்தராவது நின்னு பாக்க வேணாமா" என்பாள். அந்த மாதிரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்திவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து சோறு தின்பது லேசான காரியம் இல்லை. அவன் பெரும்பாலும் ஹோட்டலில் வாங்கி, கடையிலேயே நின்றபடி தின்று முடித்துவிடுவான்.

மஞ்சள்காமாலை முற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்தாள். வேனில் வைத்துத் தன் சொந்த ஊரான பட்டினச்சேரிக்குக் கொண்டுபோனான். வாடகை வீட்டுக்காரர் பிணத்தை உள்ளே விட யோசித்தார், அது வேறு கதை. ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் சின்னப்பிள்ளை அவன் தோளைத் தொட்டு அழுதார். பொய்யில்லை, நிஜமாகவே அழுதார். அழுதுவிட்டுத்தான் சொன்னார்.

"நீலமேகம், கோவிச்சுக்காத. சுடுகாட்டுக்கு எடம் இருக்கு, தூக்க ஆள் இருக்கு. தொழிலை நிறுத்த முடியாது. நீ தலைக்கட்டுல இல்ல. உனக்காக நிறுத்தினா ஊரை விட்டுப் போன எல்லாருக்கும் நிறுத்தணும்."

அதுவும் நியாயம்தான். கடை வைத்த வருஷம், இனிமேல் எனக்கும் கடலுக்கும் என்ன என்று, தானே பஞ்சாயத்தில் போய், ஊர் வரி கட்டும் தலைக்கட்டுக் கணக்கிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னவன் அவன். இருந்தாலும் கையைக் கூப்பிக் கேட்டான். ஒரு நாள் மட்டும் என்றான். இறால் நன்றாகப் படும் சமயம் அது. சின்னப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தையல்நாயகியைக் கரையோரமாகத் தூக்கிக்கொண்டு போனபோது முகத்துவாரத்தில் போட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. எஞ்சின் சத்தத்தில் பறைச் சத்தம் அமுங்கிப்போனது. அந்த நேரத்தில் அவனுக்கு அழுகைகூட வரவில்லை, அவமானமாக இருந்தது. அவளுக்காக ஒரு போட்டுகூட நிற்கவில்லையே என்ற ஒன்றுதான் அதற்கப்புறம் அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகவே விருது அவனுக்குப் பெரிதில்லை. ஐந்து நடுவர்கள் விளையாடியிருக்கிறார்கள் என்றால், ஐந்து பேர் அந்தக் கரையில் உட்கார்ந்து அவளைப் போகவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில், சீர்காழி தாண்டி, சிதம்பரம் தாண்டி, அவன் மனம் முழுக்க அந்த ஐந்து பேர்தான். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. முடிந்தால் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. பத்திரிகை ஆசிரியர் நடராசன்தான் நடுவர் குழுவுக்கும் தலைவர். மைக்கைப் பிடித்தவர், "சுனாமியின் கோரத்தை இந்த மீனவ இளைஞர் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்" என்றார். கைத்தட்டல் எழுந்தது. நீலமேகம் நிமிர்ந்து உட்கார்ந்தான். கேமில் சுனாமியே கிடையாது. சரி, பெரிய மனுஷர், மேடையில் ஒரு வார்த்தை கூடக்குறைய வரும் என்று சமாதானம் செய்துகொண்டான்.

அடுத்து வினோதினி என்ற ரேடியோ அறிவிப்பாளர் வந்தார். நல்ல குரல். "சுறா துரத்தும் கட்டத்தில் என் கை நடுங்கிப்போச்சு" என்றார். சுறாவும் கிடையாது.  அதன் பிறகு பேசிய இரண்டு பேரும் அலைகளை வர்ணித்தார்கள், சூரிய உதயத்தைப் புகழ்ந்தார்கள், மண்ணின் மணம் என்றார்கள். சங்கு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. காத்திருந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐந்தாவது நடுவர், கண்ணாடி போட்ட ஒரு பெண், தனக்குப் பேச எதுவும் இல்லை என்று தலையசைத்துவிட்டார். கேடயத்தைக் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவன் சிரித்திருப்பான். உள்ளுக்குள் அவன் மறுபடி அந்தச் சுடுகாட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தான். அன்றாவது எஞ்சின் சத்தம் கேட்டது. இன்றைக்குக் கைத்தட்டிக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

டீ குடிக்கும் இடத்தில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் அவனைத் தேடி வந்தார்.

"சார், நான் ஜெயப்ரியா. இங்க காலேஜ்ல கம்ப்யூட்டர் சொல்லித் தரேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மேடையில வேணாம்னுதான் பேசாம இருந்தேன்."

"சொல்லுங்க மேடம்."

"உங்க கேமுக்கு நான் ஓட்டுப் போடல. அது ஓடவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். விருது வாங்கின அன்னைக்கு இதைச் சொல்றது தப்புதான். ஆனா சொல்லாம போறது அதைவிடத் தப்பா தோணுச்சு."

"எப்படி ஓடலங்க?"

"கரை வருது. சங்கு ஊதுது. போட் நிக்குது. எந்தக் கீயை அழுத்தினாலும் நகரல. கரையில உக்காந்திருக்கிற ஆளுங்கதான் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. வேற கம்ப்யூட்டர்லகூடப் போட்டுப் பாத்தேன்."

நீலமேகம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். 

"திரும்பிப் பாத்தாங்களா?" என்றான்.

"பாத்தாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். ஏதோ செய்யக் கூடாததைச் செஞ்சிட்ட மாதிரி."

அந்த மண்டபத்தில் அவ்வளவு கூட்டத்தில், அந்தக் கரைக்கு வந்து போன ஆள் இவர் ஒருத்தர்தான். அவனுக்கு விருது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவரும் இவரேதான். சிரிப்பதா அழுவதா என்று அவனுக்குப் புரியவில்லை. அதற்குள் நடராசன் கையில் வடையோடு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா, தம்பிகிட்டயும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"விளையாடாம போடுறது ஒரு ஓட்டா சார்? பத்திரிகையில விளையாடிப் பார்த்துன்னு நாமதான எழுதினோம்."

"எழுதினோம். வந்து குவிஞ்ச சிடியைப் பாத்தீங்கல்ல? ஆளாளுக்கு வேலை, குடும்பம். அவங்க எழுதி அனுப்பினதைப் படிச்சோம், படங்களைப் பாத்தோம், இது நல்ல மனசோட செஞ்சதுன்னு தெரிஞ்சுது, ஓட்டுப் போட்டோம். அதுல என்ன மோசம் போயிட்டோம்?" அவர் கோபப்படவில்லை. வடையைப் பிய்த்தபடியே நீலமேகத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களே சொல்லுங்க. விளையாடிப் பாத்தது இவங்க ஒருத்தர்தான், இவங்க ஓட்டு உங்களுக்கு இல்ல. அஞ்சு பேரும் விளையாடியிருந்தா இந்தக் கேடயம் உங்க கைக்கு வந்திருக்குமா?"

வந்திருக்காது. மனுஷர் சொன்னதில் பிழையில்லை. விளையாடாதவர்கள் விருது கொடுத்தார்கள். விளையாடியவர் கெட்டுப்போன சாமான் என்று ஒதுக்கினார். எந்தப் பக்கம் பேசினாலும் அவனுக்கு இடிதான்.

"எனக்கு ஒண்ணும் குறையில்லைங்க" என்றான் நீலமேகம். நடராசன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஜெயப்ரியா அங்கேயே நின்றார். "தப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க சார். வேணும்னா நான் சரி பண்ணித் தரேன்."

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். சாவு நடந்த ஊரில் கடலுக்குப் போகமாட்டோம், கையை எடுத்துவிட்டு உட்காருங்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சின்னப்பிள்ளை முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்ற அதே முகம். அவளுக்காக நில்லுங்கள் என்று ஒரு தடவை கேட்டாகிவிட்டது. கேட்டு வாங்குவது அவளுக்குச் சேராது என்று ஏதோ ஒரு வீம்பு அவனைப் பிடித்துக்கொண்டது.

"போட் கெட்டுப்போகலங்க மேடம்" என்றான். கடை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே அந்த வீம்பு இறங்கிவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வேலைக்குப் போகிற ஒரு பெண், ஓடாத கேமை எதற்காக மறுபடி எடுத்துப் போடப்போகிறார்? வீட்டுக்கு வந்து கேடயத்தை எங்கே வைப்பது என்று பார்த்தான். இருந்த ஒரே அலமாரியில் அவளுடைய புடவைகள் மடித்தபடி இருந்தன. அவற்றை நகர்த்த மனம் வராமல் கேடயத்தைச் சமையல்கட்டில் அரிசி டின்னின் மேல் வைத்தான். விருது வாங்கிய வீட்டில் அதைப் பார்க்க ஓர் ஆள் இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு கடை, ஜெராக்ஸ், டைப்பிங். பாரதியார் வீதியில் ஒரு பிளக்ஸ் கடைக்காரர் பேப்பரில் போட்டோ பார்த்ததாகச் சொல்லி, "உங்களையும் சுனாமி அடிச்சுதாண்ணே?" என்று விசாரித்தார். இல்லை என்றான். போன் அடிக்கும் போதெல்லாம் புதுச்சேரியோ என்று பாய்ந்து எடுப்பதும், பாஸ்போர்ட் எப்போது வரும் என்று யாராவது கேட்பதுமாக நாட்கள் போயின. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேமைத் திறந்து, முதல் காட்சியில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு வரியைச் சேர்த்தான். ஏதோ பேங்க் வாசலில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. உடனே அழித்துவிட்டான்.

போன் வந்தது ஒரு மத்தியானம். கடையில் ஒரு முதியவர் விண்ணப்பம் டைப் செய்வதற்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜெயப்ரியா பேசுறேன். போட் நகந்துச்சு."

அவன் எழுந்து நின்றுவிட்டான். "எப்படிங்க?"

"கெட்டுப்போகலன்னு சொன்னீங்களே, அது மனசுலயே கிடந்துச்சு. இன்னைக்கு காலேஜ் லீவு. மறுபடி போட்டேன். அந்த ஆளுங்க திரும்பிப் பாக்குறது எனக்கு என்னமோ கூச்சமா இருந்துச்சு சார். அவங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க, நான் மட்டும் அவசரப்படுறேன். சரின்னு கையை மடியில வெச்சுக்கிட்டு அவங்களோட நானும் உக்காந்துட்டேன்."

"ம்."

"ரொம்ப நேரம் கழிச்சுத் தெருவுலேர்ந்து பாடை வந்துச்சு. தையல்நாயகின்னு பேர் சொல்லி அழுதாங்க. அது யாரு சார்?"

இரண்டு வருஷத்தில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. கேமைச் செய்ததே யாராவது இதைக் கேட்பதற்காகத்தானோ என்னவோ. 

"என் வீட்லங்க" என்றான். "சம்சாரம்."

 விண்ணப்பத்துக்கு வந்த முதியவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"எங்க ஊர்ல சாவு விழுந்தா அன்னைக்குத் தொழில் கிடையாதுங்க" என்று நீலமேகம் மெல்லச் சொன்னான். "அவளுக்கு நிறுத்தல. நான் ஊர்க் கட்டுல இல்ல. அதான் கேம்ல..." மேற்கொண்டு போக முடியாமல் பேச்சை மாற்றினான். "இனிமே ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க மேடம். முகத்துவாரத்துல மணல்மேடு வரும், இடது கைப் பக்கமா ஒதுக்கி ஓட்டுங்க. அதுக்கப்புறந்தான் கேமே. மீன் எல்லாம் வரும்."

"விடிஞ்சிருச்சு சார், போட் தயாராதான் நிக்குது. கொஞ்ச தூரம் தள்ளிக்கூடப் பாத்தேன், நகருது. ஆனா மனசு வரல. இன்னைக்கு நான் போகல சார். மூடி வெச்சிட்டேன். இன்னொரு நாள் போய்க்கிறேன்."

நீலமேகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான். கேமில் சாவு முடிந்து, பொழுது விடிந்து, கடல் திறந்துவிட்டது. போ என்றுதான் அவனே எழுதி வைத்திருந்தான். அதையும் மீறி, அவளை ஒரு தரமும் பார்த்திராத ஒரு பெண், அவளுக்காக அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை.

"சரிங்க மேடம்" என்றான் அழுதபடியே. "அவசரம் ஒண்ணும் இல்லைங்க."